எந்தப் பக்கத்தில் விட்டீர்கள்?

மார்கழி பிறந்தால் தமிழில் புத்தகப் பட்டியல்களும் பிறந்துவிடும். ஆண்டு முழுக்கப் படித்தவை, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்க வேண்டியவை, வாங்கி அடுக்கியவை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சிதான் இன்று பதிப்புத் தொழிலுக்கு அறுவடைக் காலம். எழுத்தாளர், பதிப்பாளர், வாசகர் எல்லோரும் அந்த ஒரு மாதம் ஒரே குரலில் பேசுவதில் வியப்பில்லை. எழுநூறு பக்க நாவலைக்கூட ஒரே மூச்சில் படித்துவிட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நுரையீரல்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் இந்தப் பட்டியல்களில் ஒரு வகைப் புத்தகம் மட்டும் தலைகாட்டுவதே இல்லை. ஆசையோடு வாங்கித் திறந்து, நாற்பதாம் பக்கத்திலோ இருநூறாம் பக்கத்திலோ மூடி வைத்த புத்தகம். படிக்கிற வழக்கமுள்ள எந்த வீட்டின் அலமாரியிலும் அது இருக்கும். யாருடைய பேச்சிலும் இருக்காது. அந்தப் புத்தகங்களையும் பெயர் சொல்லி, எந்த இடத்தில், ஏன் நிறுத்தினோம் என்று காரணத்தோடு பேசும் பழக்கம் நமக்கு வர வேண்டும் என்பதே என் கட்சி. பாதியில் விடுவது வாசகரின் உரிமை என்று பலரும் சொல்லியாயிற்று. விட்டதைச் சொல்வது அவருடைய கடமை என்றும் சேர்த்துச் சொல்கிறேன்.

உரிமைக்காக அதிகம் வாதாட வேண்டியதில்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேன், கடினமான இடங்களில் ஓரிரு முறை முட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதாகவும், ஒரு புத்தகம் சலித்தால் வேறொன்றை எடுத்துக்கொள்வதாகவும் கூச்சமில்லாமல் எழுதினார். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனிடம் ஒருவர், பலரும் புகழ்ந்த புதுநூல் ஒன்றை முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டார். நீங்கள் புத்தகங்களை முழுக்கவா படிக்கிறீர்கள் என்று ஜான்சன் அவரையே மடக்கியதை அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் பாஸ்வெல் பதிந்து வைத்திருக்கிறார். 1992இல் பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பென்னாக் வாசகருக்குப் பத்து உரிமைகளை வகுத்தபோது, முடிக்காமல் விடும் உரிமைக்கு மூன்றாம் இடம் தந்தார். சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்: ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள்; ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் அளவுக்குப் பக்கம் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். இவர்கள் எல்லோரும் விடுவதற்கு அனுமதி வழங்கினார்கள். விட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் இன்னும் பேசப்படாத பகுதி.

நம்மவர்கள் ஏன் இதில் வாய் திறப்பதில்லை? இரண்டு பழக்கங்கள் சேர்ந்து வாயைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று பாராயணம். ஒரு நூலைத் தொடங்கினால் நிறைவுசெய்தாக வேண்டும், நடுவில் நிறுத்துவது ஆகாது என்ற எண்ணம் கோயிலிலும் வீட்டுப் பூசையறையிலும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, கந்தபுராணம் நாள் கணக்கில் நடக்கும். கடைசி நாள் வரை போவதுதான் முறை. மற்றொன்று தேர்வு. பாடநூலையும் துணைப்பாடத்தையும் கோனார் உரையையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உருப்போட்டு வளர்ந்த தலைமுறைகளுக்கு, பாதியில் விட்ட புத்தகம் என்பது பாதியில் விட்ட விடைத்தாள். இந்தப் பழக்கங்கள் தம் இடத்தில் சரியாகவே இருக்கலாம். நாவலுக்கும் கட்டுரை நூலுக்கும் அவற்றை நீட்டியதுதான் தவறு. தவிர, மரபே இவ்வளவு கண்டிப்பாக இல்லை. வீடுகளில் ராமாயணம் படித்தவர்களில் சுந்தர காண்டத்தோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. பத்தாயிரம் பாடல்களுக்கு மேற்பட்ட கம்பராமாயணத்தில், இவை கம்பருடையவை ஆக முடியாது என்று தமக்குத் தோன்றிய பாடல்களை எல்லாம் ரசிகமணி டி.கே.சி. தள்ளிவிட்டுப் பதிப்பித்தார். அவர் தள்ளிய முறையைப் பண்டிதர்கள் கடுமையாகச் சாடினார்கள். ஆனால் எதைத் தள்ளினார், எதை வைத்துக்கொண்டார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி இருந்ததால்தான் சாடவும் முடிந்தது.

பணமும் ஒரு காரணம். 1985இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலர் தள்ளுபடியிலும், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும் சீட்டு தரப்பட்டது. யாருக்கு எந்த விலை என்பது தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது. பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகத்தின் மேல் அவர்களுக்குத் தனி ஆசை ஒன்றும் கிடையாது. கொடுத்த காசு அழைத்து வந்தது. ஆயிரம் ரூபாய்ப் புத்தகத்தை முடிக்கிறவர்களில் எத்தனை பேரை நூல் இழுத்துச் செல்கிறது, எத்தனை பேரை விலை இழுத்துச் செல்கிறது என்று நாம் கேட்பதில்லை. படித்து முடித்ததையே பாராட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். விற்பனையை வாசிப்பாகக் கணக்கு வைப்பது இதைவிடப் பெரிய பிழை. கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எல்லன்பெர்க் 2014இல் ஒரு விளையாட்டுக் கணக்குப் போட்டார். கிண்டிலில் ஒரு நூலில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட ஐந்து இடங்கள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் சராசரியை மொத்தப் பக்கத்தோடு ஒப்பிட்டார். டோனா டார்ட்டின் 'தி கோல்ட்ஃபின்ச்' நாவலுக்கு 98.5 விழுக்காடு வந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கின் காலத்தின் வரலாறு 6.6. அந்த ஆண்டு உலகமே பேசிய, பொருளியலாளர் தாமஸ் பிகெட்டியின் மூலதன நூலுக்கு 2.4. முன்னுரையில் மட்டும் கோடிட்டுவிட்டு முழு நூலையும் படித்தவர் இருக்கலாம். இது அறிவியல் அல்ல என்று எல்லன்பெர்க்கே சொல்லிவிட்டார். இருந்தாலும் பிகெட்டியைப் பற்றி அந்த ஆண்டு நடந்த விவாதங்களில் எத்தனை, அவருடைய முன்னுரையைப் பற்றிய விவாதங்கள் என்ற ஐயம் எழாமல் இல்லை. இதில் உறுத்துவது வேறொன்று. எந்த வாசகர் எந்த இடத்தில் நின்றார் என்பது மின்னூல் விற்கும் நிறுவனத்தின் கணினிக்குத் தெரிகிறது. நூலகப் பதிவேட்டுக்குத் தெரியாது, எழுதியவருக்குத் தெரியாது, அடுத்த வாசகருக்கும் தெரியாது. விற்கிறவர் கையில் மட்டும் இருக்கும் அந்தத் தகவலைப் பொதுவில் வைக்க வாசகர்களால்தான் முடியும்.

இதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே கொள்கை வகுத்துத் தந்திருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால், பாதியில் விடப்படும் நூல் யாருடைய தோல்வியும் இல்லை என்பது விளங்கும். தவறான வாசகர் கைக்கு நூல் போயிருக்கிறது, அவ்வளவுதான். சரியான கைக்கு அதை மாற்றிவிட வேண்டும். ஆனால் இந்த நூல் யாருக்குப் பொருந்தாது என்ற குறிப்பு இல்லாமல் யாருக்குப் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாராட்டுரைகள் எல்லா நூலையும் எல்லோருக்கும் பரிந்துரைக்கின்றன. ஒரு வாசகர் நின்றுபோன இடமும் காரணமும்தான் அடுத்தவரின் நேரத்தை மிச்சப்படுத்தும், அல்லது அதே காரணத்துக்காகவே அவரை அந்த நூலை நோக்கி இழுக்கும்.

உதாரணத்துக்குச் சில நூல்கள். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தது. பரதவர்களின் கடற்சொற்களும் பேச்சும் தொடக்கத்திலிருந்தே அடர்த்தியாக வரும் நாவல். மொழி புரியாமல் முப்பதாம் பக்கத்தில் நிறுத்தினேன் என்று ஒருவர் சொன்னால் அது நாவலைக் குறைத்துச் சொன்னதாகாது. கரையில் இருக்கிற வாசகருக்கும் கடலுக்குமான தூரத்தைத்தான் அவர் சொல்கிறார். அதைக் கேட்ட வேறொருவர் அந்த மொழிக்காகவே வாங்குவார். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தபோது, கதை எங்கே என்று தேடியவர்கள் கைவிட்டிருப்பார்கள்; கதையை எதிர்பார்க்காதவர்களுக்கு அதில் கிடைத்தது வேறு. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' மூன்று பகுதிகள் கொண்டது. கௌஸ்துபம் என்ற நடுப்பகுதியின் தத்துவ விவாதங்களில் நின்றுபோனவர் ஸ்ரீபாதம் என்ற முதல் பகுதியை ரசித்தவராகவே இருப்பார். அவர் 'விஷ்ணுபுரம் எனக்கு ஒத்துவரவில்லை' என்று ஒரே வரியில் முடித்தால் பயனில்லை, எங்கே ஒத்துவரவில்லை என்று சொன்னால் அது விமர்சனத்தின் முதல் வரி. மொழிபெயர்ப்புகளில் இது இன்னும் அவசியம். தமிழில் ருஷ்ய நாவல் ஒன்றை விட்டவர் தஸ்தாயெவ்ஸ்கியை விட்டாரா, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவரின் வாக்கிய முடிச்சுகளை விட்டாரா, எட்டுப் புள்ளி எழுத்தில் ஓரமில்லாமல் அச்சடித்த பதிப்பகத்தை விட்டாரா? மூன்றும் மூன்று வேறு குற்றச்சாட்டுகள். காரணம் சொல்லாமல் விட்டால் பழி முழுக்க தஸ்தாயெவ்ஸ்கி தலையில் விழுகிறது. சுயமுன்னேற்ற நூல்களுக்கு இத்தனை விசாரணை தேவையில்லை. ஒரே ஒரு யோசனையை முந்நூறு பக்கத்துக்கு இழுத்தவை அவற்றில் பெரும்பாலானவை. இரண்டாம் அத்தியாயத்தோடு நிறுத்தியவர் எதையும் இழக்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பெரிய நூல்கள் பொறுமை கேட்பவை, ஐம்பது பக்கத்தில் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் கடினமானவை எல்லாம் ஒழிந்துபோகும் என்பார்கள். உம்பர்ட்டோ ஈகோவின் 'தி நேம் ஆஃப் த ரோஸ்' நாவலின் முதல் நூறு பக்கங்களைக் குறைக்கும்படி, எழுத்துப்படியைப் படித்த நண்பர்களும் பதிப்பாசிரியர்களும் சொன்னார்கள். அவர் மறுத்தார். அந்த மடாலயத்துக்குள் வர விரும்புகிறவர் அதன் நடைக்குப் பழக வேண்டும், முடியாதவர் மலையடிவாரத்திலேயே நின்றுகொள்ளட்டும் என்பது அவர் நிலை. எனக்கு அது நேர்மையான நிலையாகவே படுகிறது. எழுத்தாளர் தம் கதவை எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் செய்யலாம்; திறக்காமல் திரும்புகிற உரிமையை வாசகருக்கும் அவரே ஒப்புக்கொள்கிறார். திரும்புகிறவர் சத்தமில்லாமல் திரும்ப வேண்டும் என்று மட்டும் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? வர்ஜினியா வுல்ஃப் 1922இல் ஜாய்ஸின் 'யுலிஸீஸ்' நாவலை இருநூறு பக்கம் வரை படித்துவிட்டு, தொடக்கம் எப்படி ஈர்த்தது, பிறகு எப்படிச் சலிப்பூட்டியது என்று நாட்குறிப்பில் விளக்கமாக எழுதினார். அதே ஆண்டு திரும்பி வந்து முடிக்கவும் செய்தார். முடித்த பிறகும் அவர் கருத்து பெரிதாக மாறிவிடவில்லை. எங்கே நின்றோம், ஏன் நின்றோம் என்று எழுதி வைத்தவருக்குத்தான் திரும்பி வரவும் இடம் தெரியும். படித்ததாகப் பாசாங்கு செய்கிறவருக்கு அந்த நூல் என்றைக்குமாக மூடிவிடுகிறது, ஏற்கெனவே படித்ததாகச் சொல்லிவிட்டதை மறுபடி எப்படித் தொடங்குவது?

இரண்டாவது மறுப்பு நியாயம் பற்றியது. முழுக்கப் படிக்காமல் கருத்துச் சொல்வது எழுதியவருக்குச் செய்யும் அநீதி. இதற்குச் சான்றாகப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீதைக் காட்டலாம். மார்சல் புரூஸ்ட்டின் நாவல் வரிசையின் முதல் தொகுதி 1912இல் ழீதின் பதிப்பகத்துக்கு வந்தபோது, மேலோட்டமாகப் புரட்டிவிட்டு நிராகரித்தார்கள். புரூஸ்ட் 1913இல் வேறு பதிப்பகத்தில் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ழீத் வருந்திக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தமிழில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் அச்சேறியது. இந்த இரண்டு கதைகளையும் உற்றுப் பார்த்தால், தீங்கு செய்தவர்கள் வாசகர்கள் அல்ல என்பது தெரியும். கதவைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள்தாம் கதவைச் சாத்தினார்கள். பதிப்பாசிரியர், பரிசுக்குழு உறுப்பினர், நூலக ஆணைக்குத் தேர்வு செய்கிறவர், கூலி வாங்கிக்கொண்டு மதிப்புரை எழுதுகிறவர் ஆகியோர் கடைசிப் பக்கம் வரை படித்தே ஆக வேண்டும். பொது நூலகங்களுக்கு வாங்கும் நூல்களுக்கு வீட்டு வரியோடு நூலக வரி கட்டும் மக்கள்தாம் பணம் தருகிறார்கள். அந்தத் தேர்வில் இருப்பவருக்கு ஐம்பது பக்கச் சலுகை கிடையாது. சாதாரண வாசகர் ஒரு நூலை மூடி வைத்தால் அது வேறு எவருக்கும் மூடப்படுவதில்லை. எத்தனை பக்கம் படித்தார் என்பதைச் சேர்த்துச் சொல்லும்வரை அவர் கருத்தில் அநீதியும் இல்லை. நூறு பக்கம் படித்தவரின் கருத்து அந்த நூறு பக்கத்துக்கான கருத்து. முழுக்கப் படித்ததாக நடித்து எழுதப்படும் புகழுரையைவிட அது எழுதியவருக்குக் கூடுதல் மரியாதை.

விடுவதை வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தால் எழுத்தாளர்கள் வாசகரைப் பிடித்து வைக்கவே எழுதத் தொடங்குவார்கள் என்ற அச்சமும் உண்டு. அச்சம் வீண் அல்ல. கிண்டிலின் சந்தாத் திட்டத்தில் 2015 ஜூலையிலிருந்து, படிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டே எழுத்தாளருக்குப் பணம் தருகிறார்கள். வாசகர் நின்ற இடத்தில் வருமானமும் நிற்கும். ஆனால் தமிழுக்கு இது புதிதா என்ன? வாரா வாரம் கொக்கி போட்டு நிறுத்தும் தொடர்கதைகளில் வளர்ந்த மொழி இது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அப்படித்தான் வந்தது, இன்றும் புதிய வாசகர்களை இழுத்துப் போகிறது. அந்தத் தொடர்கதை வெள்ளத்தின் நடுவேதான், தொடர்கதை போதாது என்று விலகியவர்களுக்காக சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். வெகுஜன இதழ்களை விட்டவர்களால் தமிழ் இலக்கியம் குறைந்துபோகவில்லை. விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் எவற்றைப் படிக்கலாம் என்று பட்டியல் போட்ட அதே துணிவோடு எவை தேறாது என்றும் சொன்னார். தீர்ப்பைச் சொல்கிறார், காரணத்தைச் சொல்வதில்லை என்பதுதான் அவர் மேல் நின்ற புகார். அந்தப் புகார் நியாயமானது. இன்றைய வாசகர் அவருடைய துணிவை எடுத்துக்கொண்டு அந்தக் குறையைத் தவிர்க்கலாம்.

கைப்பேசி வந்தபின் கவனம் சிதறிவிட்டது, சோம்பலுக்கு உரிமை என்று பெயர் சூட்டுகிறீர்கள் என்பாரும் உண்டு. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. புத்தகத்தைக் கீழே வைத்த கை அடுத்து எதை எடுத்தது என்று பார்த்தால் போதும். இன்னொரு புத்தகத்தை எடுத்திருந்தால் அது தேர்வு. கைப்பேசியை எடுத்திருந்தால் புத்தகத்தின் மேல் குறை சொல்ல வாசகருக்கு உரிமை இல்லை. எந்த நூலை, எதற்காக விட்டேன் என்று நேர்மையாக எழுத உட்கார்ந்தால் இந்த வேறுபாடு எழுதுகிறவருக்கே முதலில் தெரிந்துவிடும். காரணம் எதுவும் தோன்றாவிட்டால் சிக்கல் நூலில் இல்லை.

இந்த ஜனவரியில் படித்தவற்றின் பட்டியல் போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதற்குக் கீழேயே விட்டவற்றையும் எழுதுங்கள்: நூலின் பெயர், நின்ற பக்கம், இரண்டு வரியில் காரணம். மதிப்புரை வெளியிடும் இதழ்களும், எழுதியவர் எத்தனை பக்கம் படித்தார் என்பதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியாகப் போட்டுவிடட்டும்.